பிரான்சைஸ் கடை எடுக்கப் போகிறீர்களா? யார் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

தருமபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டில் ஒரு டீக்கடையை பிரான்சைஸ் எடுத்து நடத்துகிறேன். பிராண்டுக்குச் சொந்தக்காரர்கள் பெங்களூருவில் இருக்கும் ஒரு கம்பெனி. ஆனால் நான் பணம் கட்டியதும் கையெழுத்துப் போட்டதும் அவர்களிடம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் மாஸ்டர் பிரான்சைஸ் (பிராண்டை மொத்தமாக எடுத்து, மற்றவர்களுக்குக் கடை கொடுக்கும் உரிமை) எடுத்திருந்த ஓசூர்க்காரர் ஒருவரிடம். கட்டணம் 4 லட்சம், டெபாசிட் 2 லட்சம், மெஷின், உள்வேலை என்று இன்னொரு 5 லட்சம்.

ஒன்றரை வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் கம்பெனிக்கும் மாஸ்டருக்கும் பணத் தகராறு வந்து, கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. எனக்கு வந்துகொண்டிருந்த டீத்தூளும் மசாலாவும் ஒரே வாரத்தில் நின்றன. அடுத்த மாதம் என் கடையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் கம்பெனியே நேரடியாக ஒரு கடை திறந்தது. "ஏற்கெனவே உள்ள கடைக்கு 3 கிலோமீட்டருக்குள் இன்னொரு கடை வராது" என்று கம்பெனி மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்த பக்கத்தைக் காட்டித்தான் என்னைக் கடை எடுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு பெங்களூருவுக்குப் போனேன். கிடைத்த பதில் ஒரே வரி: "சார், அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இல்லையே."

சட்டப்படி அது பெரும்பாலும் சரியான பதில் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு வெள்ளைத்தாளில் படம் போடுங்கள்

கம்பெனி, மாஸ்டர், நீங்கள், கட்டட ஓனர், சரக்கு அனுப்புகிறவர், உங்களுக்கு ஜாமீன் நிற்பவர். ஒவ்வொருவரையும் ஒரு வட்டமாகப் போடுங்கள். யாருக்கும் யாருக்கும் இடையில் கையெழுத்தான காகிதம் இருக்கிறதோ, அங்கே மட்டும் கோடு இழுங்கள். வாய்ப்பேச்சு, பிரசுரம், திறப்பு விழாவில் சேர்ந்து எடுத்த போட்டோ இவற்றுக்கெல்லாம் கோடு கிடையாது.

என் படத்தில் எனக்கும் மாஸ்டருக்கும் ஒரு கோடு, மாஸ்டருக்கும் கம்பெனிக்கும் ஒரு கோடு. எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. என் கடையின் உயிரான இரண்டு விஷயங்கள், சரக்கும் எல்லைப் பாதுகாப்பும், கம்பெனியின் கையில் இருந்தன. உங்கள் படத்திலும் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2. சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர், அது அவருடைய நன்மைக்காகவே எழுதப்பட்டிருந்தாலும், அதை வைத்து வழக்குப் போட முடியாது என்பது பொது விதி. எம்.சி. சாக்கோ எதிர் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது.

சில விதிவிலக்குகள் உண்டு. ஓர் உரிமையை உங்கள் நன்மைக்காக இன்னொருவர் பொறுப்பாக வைத்திருக்கும் டிரஸ்ட் உருவாகியிருந்தால், உரிமை உங்களுக்கு முறையாக மாற்றித் தரப்பட்டிருந்தால், கையெழுத்துப் போட்டவர் கம்பெனியின் ஏஜென்டாகப் போட்டிருந்தால், அல்லது கம்பெனியே தன் பொறுப்பை உங்களிடம் எழுத்திலோ நடத்தையிலோ ஒப்புக்கொண்டிருந்தால், கேட்க வழி இருக்கிறது. என்னைக் காப்பாற்றியது கடைசியாகச் சொன்னது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏஜென்ட் வழியை நம்பி இருக்காதீர்கள். ஏறக்குறைய எல்லா மாஸ்டர் ஒப்பந்தத்திலும் "இவர் எங்கள் ஏஜென்ட் அல்ல, சுயேச்சையான தொழில் செய்பவர்" என்று ஒரு வரி இருக்கும்.

இன்னொன்று. சில ஒப்பந்தங்களில் இங்கிலாந்தின் 1999-ஆம் ஆண்டு மூன்றாம் தரப்பினர் உரிமைச் சட்டத்தின் பெயர் வரும். அங்கே மூன்றாம் நபருக்கு நேரடியாகக் கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் கொடுக்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. எங்கேயோ இருந்த மாதிரியை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் அது அடையாளம். மற்ற பக்கங்களை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

3. மாஸ்டர் ஒப்பந்தத்தை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்

ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். "ரகசியம், தர மாட்டோம்" என்றால் விலைகளை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் கடையை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கிடைத்ததும் கீழே சொல்வதைத் தேடுங்கள்.

மாஸ்டர் உங்களைப் போன்றவர்களுக்குக் கடை கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? எத்தனை கடை, எந்த ஊர் வரை? சிலருக்குக் கிருஷ்ணகிரி நகரம் மட்டும்தான் எழுதியிருக்கும்; அவர்கள் காவேரிப்பட்டணத்திலும் காரிமங்கலத்திலும் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

அவர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? உங்களுக்கு 5 வருஷம் கொடுப்பவருக்கே மீதி 2 வருஷம்தான் இருந்தால் அந்த 5 வருஷம் வெறும் எழுத்து.

அது இடையில் முறிந்தால் அவருக்குக் கீழே உள்ள கடைகளின் கதி என்ன? இதுதான் முக்கியம். "கீழ்நிலை ஒப்பந்தங்களும் தானாக முடிவுக்கு வரும்" என்று இருந்தால், நீங்கள் ஒரு தவறும் செய்யாமலே உங்கள் பலகை இறங்கும்.

"மூன்றாம் நபர் யாருக்கும் இந்த ஒப்பந்தம் உரிமை தராது" என்ற வரியும், "கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி உரிமையை மாற்றித் தரக் கூடாது" என்ற வரியும் அநேகமாக இருக்கும். இவை இருந்தால் அடுத்து வரும் 4-ஆம் படியைத் தவிர்க்கவே கூடாது.

அதோடு வழக்கு எங்கே என்பதைப் பாருங்கள். பெங்களூரு நீதிமன்றம் மட்டுமே என்றோ, நடுவர் மன்றத்தின் (நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தகராறைத் தீர்க்கும் முறை) இருக்கை பெங்களூரு என்றோ இருந்தால், ஓசூரில் கடை வைத்திருப்பவருக்குப் பெரிய தூரமில்லை; அரூரில் இருப்பவர் யோசிக்க வேண்டும். "ஒரே நடுவரைக் கம்பெனியே நியமிக்கும்" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனியாக நடுவரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

4. கம்பெனியின் கையெழுத்தை நேரடியாக வாங்குங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. கம்பெனி, மாஸ்டர், நீங்கள் மூவரும் சேர்ந்து போடும் முத்தரப்பு ஒப்பந்தம் சிறந்தது. அதற்குக் கம்பெனி இறங்கி வரவில்லை என்றால், உங்கள் பெயருக்கு ஓர் உறுதிக் கடிதம். இரண்டு பக்கம் போதும். அதில் இந்தக் கருத்துகள் வர வேண்டும்:

"மாஸ்டர் ஒப்பந்தத்தில் எல்லை, சரக்கு, பிராண்ட் பயன்பாடு பற்றி நாங்கள் கொடுத்த உறுதிகளை இந்த முகவரியில் உள்ள கடைக்காரருக்கும் நேரடியாகக் கொடுக்கிறோம். அவற்றை அவர் தம் பெயரிலேயே எங்கள் மீது அமல்படுத்தலாம். மாஸ்டர் ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், இவருடைய ஒப்பந்தம் மீதிக் காலத்துக்கு அதே நிபந்தனைகளுடன் எங்களோடு தொடரும். மாஸ்டரிடம் இவர் கட்டிய டெபாசிட்டுக்கு நாங்களும் பொறுப்பு. இதற்கு மறுபயனாக இவர் எங்கள் தர விதிகளைப் பின்பற்றவும் ராயல்டி செலுத்தவும் எங்களிடம் நேரடியாக ஒப்புக்கொள்கிறார்."

கடைசி வரியை வெறும் மரியாதைக்கு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். மறுபயன் இல்லாத வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. அவர்கள் கொடுப்பதற்கு ஈடாக நீங்களும் ஏதோ கொடுக்கிறீர்கள் என்பது காகிதத்தில் தெரிய வேண்டும். டெபாசிட் வரிக்குத்தான் கம்பெனி ரொம்ப முரண்டு பிடிக்கும். அதை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும், ஒப்பந்தம் தொடரும் என்ற வரியை மட்டும் விடாதீர்கள்.

கையெழுத்து யாருடையது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஏரியா மேனேஜர் கம்பெனி முத்திரையோடு கையெழுத்துப் போட்டுத் தருவார். பிறகு "அவருக்கு அந்த அதிகாரம் இல்லை" என்பார்கள். இயக்குநரின் கையெழுத்தோ, அதிகாரம் பெற்றவர் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலோ கேளுங்கள். இயக்குநர்கள் யார் என்பதை நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்க 100 ரூபாய்.

நோட்டரி முத்திரை போட்டுவிட்டால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். கையெழுத்துப் போடாத கம்பெனியை எந்த நோட்டரியாலும் உள்ளே இழுக்க முடியாது.

5. உரிமை மாற்றம் வேண்டுமென்றால் சண்டைக்கு முன்பே வாங்குங்கள்

மாஸ்டர் நல்லவராக இருந்து, "என் உரிமையை உனக்கு எழுதித் தருகிறேன் தம்பி, நீயே கம்பெனியிடம் கேட்டுக்கொள்" என்பார். எனக்கும் அப்படிச் சொன்னார். வக்கீலிடம் கொண்டு போனபோதுதான் புரிந்தது: ஒப்பந்தம் மீறப்பட்ட பிறகு, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் வெறும் உரிமையை மட்டும் இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தொகை முடிவான கடனை மாற்றித் தரலாம், நஷ்டஈட்டை அல்ல. ஆகவே உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே, கம்பெனியின் சம்மதத்தோடு எழுதி வாங்கிவிட வேண்டும்.

6. மற்ற மூன்றாம் நபர்கள்

கட்டட ஓனர்: உங்கள் பிரான்சைஸ் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. பிரான்சைஸ் 5 வருஷம், வாடகை ஒப்பந்தம் 11 மாதம் என்று வைத்துக்கொண்டு இருப்பவர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் நிறைய. 12-ஆவது மாதம் ஓனர் காலி செய்யச் சொன்னால், கடையை மூடியதற்காகக் கம்பெனி உங்களிடம் அபராதம் கேட்கும். இரண்டு காலமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

ஜாமீன்: என் மனைவியிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கினார்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். உங்களை விட்டுவிட்டு அவரிடம் முதலில் வந்தும் கேட்கலாம். நீங்கள் கம்பெனியைக் கேட்க முடியாது, ஆனால் கம்பெனி உங்கள் வீட்டாரைக் கேட்கலாம் என்கிற மாதிரி காகிதம் அமைந்துவிடும். ஜாமீனில் கம்பெனியின் பெயரும் இருக்கிறதா, தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேதியும் தொகையும் எழுதாத செக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பிராண்ட் பெயர்: உங்கள் தெருவிலேயே ஒருவர் அதே பெயரில் போலிக்கடை போட்டால் நீங்கள் வழக்குப் போட முடியுமா? வர்த்தகக் குறியீட்டுச் சட்டம், 1999-இன் 52, 53 பிரிவுகளைப் பாருங்கள். பதிவு செய்த பயன்பாட்டாளருக்கு அந்த உரிமை உண்டு. ஒப்பந்தத்தால் மட்டும் அனுமதி பெற்றவருக்கு இல்லை. ஒன்று, கம்பெனியோடு சேர்ந்து விண்ணப்பித்துப் பதிவு செய்த பயன்பாட்டாளராக வேண்டும். அல்லது "போலியைப் பற்றி எழுத்தில் தெரிவித்த 30 நாளில் கம்பெனி நடவடிக்கை எடுக்கும்" என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு முன் பெயர் பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில் என்பதை வர்த்தகக் குறியீடு பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம். விண்ணப்பித்த நிலையிலேயே இருக்கும் பெயருக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

7. செலவும் காலமும்

கையெழுத்துக்கு முன் நான் செலவிட்டிருக்க வேண்டியது இவ்வளவுதான்: வக்கீல் படித்துப் பார்க்க 5,000 ரூபாய் (பின்னால் எனக்கு ஆன செலவில் இது ஒரு சிறு துண்டு), முத்திரைத்தாள் 200 ரூபாய். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கு முன்பு 20 ரூபாய் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து 200. பழைய மாதிரியைப் பார்த்து 20 ரூபாய் தாளில் போடாதீர்கள். முத்திரை குறைந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்றாலும், குறைவையும் அபராதத்தையும் கட்டும்வரை சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். பெங்களூருவில் வைத்துக் கையெழுத்தானால் கர்நாடக முத்திரை விகிதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்சைஸ் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். பேசும்போது அதைச் சொல்லாமல் விடுவார்கள்.

காலம்: மாஸ்டர் ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்க இரண்டு வாரம், கம்பெனிக் கடிதத்துக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஏரியா போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும்.

8. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது

முதலில், கம்பெனி உங்களை நேரடியாக நடத்தியதற்கான ஆதாரங்களைத் திரட்டுங்கள். என் விஷயத்தில் மாஸ்டரோடு தகராறு தொடங்கியதும், ராயல்டியைத் தங்கள் கணக்கிலேயே கட்டச் சொல்லிக் கம்பெனி எனக்கு மெயில் அனுப்பியிருந்தது. நான்கு மாதம் கட்டினேன். என் கடைப் பெயருக்குக் கம்பெனி போட்ட ஜிஎஸ்டி பில்கள், அவர்கள் ஆள் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன தணிக்கைத் தாள்கள், பயிற்சிக்கு அழைத்த வாட்ஸப் செய்தி. இவையெல்லாம் சேர்ந்துதான் "உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்ற பேச்சை உடைத்தன. மாஸ்டர் ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு இருந்தால் இதே ஆதாரங்கள் அங்கேயும் பயன்படும். கையெழுத்துப் போடாதவரும் தன் நடத்தையால் நடுவர் ஒப்பந்தத்தில் தரப்பாகலாம் என்று காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. போனை மாற்றுவதற்கு முன் செய்திகளைச் சேமித்து வையுங்கள். அவற்றை நீதிமன்றத்தில் காட்டும்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனிக்கும் மாஸ்டருக்கும் தனித்தனியாக வக்கீல் நோட்டீஸ். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, வழக்குக்கு முந்தைய சமரசம். பிரான்சைஸ் தகராறு வணிக நீதிமன்றச் சட்டம், 2015-இன் கீழ் வருகிறது. மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால், சமரசத்துக்குப் போகாமல் வழக்குப் போட முடியாது. நேராகப் போட்டால் மனுவே தள்ளுபடியாகும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் படிவம் கொடுக்க வேண்டும். என் ஒப்பந்தத்தில் கிருஷ்ணகிரி நீதிமன்றம் என்று இருந்ததால் அங்கே போனேன். விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். சமரசக் கட்டணம் 3 முதல் 10 லட்சம் வரையான தகராறுக்கு 15,000 ரூபாய். இரு தரப்பும் பாதிப் பாதி. 10 முதல் 50 லட்சம் வரை என்றால் 30,000. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். எதிர்த்தரப்பு வராவிட்டால் அப்படியே அறிக்கை கொடுத்துவிடுவார்கள்; அதை வைத்து வழக்குப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம்.

ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம். சமரசத்தில் கழியும் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் "பேசிக்கொண்டிருக்கிறோம், பார்க்கலாம்" என்று போனில் இழுக்கும் நாள்கள் சேரும். எனக்குத் தெரிந்த பாலக்கோட்டு நண்பர் ஒருவர் அந்தப் பேச்சிலேயே இரண்டரை வருஷத்தைத் தொலைத்தார்.

சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் எழுதவில்லை. முடிவை மட்டும் சொல்கிறேன்: கம்பெனி மீதமிருந்த காலத்துக்கு என்னோடு நேரடி ஒப்பந்தம் போட்டது. பக்கத்துக் கடை அங்கேயேதான் இருக்கிறது. மாஸ்டர் ஒரு நாளும் வரவில்லை. டெபாசிட் 2 லட்சமும் சரக்குக்குக் கட்டிய முன்பணம் 1 லட்சத்து 40 ஆயிரமும் கேட்டு அவர் மீது வழக்குப் போட்டிருக்கிறேன். நீதிமன்றக் கட்டணம் 10,200 ரூபாய் ஆனது. அடுத்த வாய்தாவுக்கு மூல ரசீதுகள் கேட்டிருக்கிறார்கள். அதனால் கடைசியாக ஒன்று: பணம் கட்டிய ரசீதில் "டெபாசிட், திரும்பத் தரத்தக்கது" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், மாஸ்டர் உங்கள் போனை எடுக்கும் நாளிலேயே மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள்.